அச்சுக்கு வேண்டாம்

என் மகளின் தடுப்பூசி அட்டையில் ஒரு வரி அதிகமாக இருக்கிறது. மூன்று முறை போட வேண்டிய ஊசி அவளுக்கு நான்கு முறை போடப்பட்டிருக்கிறது. நான்காவது வரியை எழுதியது வேறு கை, வேறு மை. அது எப்படி வந்தது என்று நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கணவரிடம்கூடப் பாதிதான் சொன்னேன்.

நான் மென்பொருள்களுக்கும் அவை ஓடும் கருவிகளுக்கும் கையேடு எழுதுகிறவள். நிறுவனம் சென்னையில் இருக்கிறது. கணவருக்கு இங்கே துறைமுகம் சார்ந்த அலுவலகத்தில் வேலை. அதனால் கல்யாணமான நாளிலிருந்து போர்ட் பிளேரில், இரண்டு அறை கொண்ட குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊரின் பெயர் மாறிவிட்டது. வாயில் இன்னும் பழையதுதான் வருகிறது.

ஒரு கையேட்டை நான் ஒரு முறைதான் எழுதுவேன். எழுதுவது எக்ஸ்எம்எல் கோப்பில். அதில் எழுத்தின் அளவோ நிறமோ பக்கமோ கிடையாது. இது தலைப்பு, இது செய்முறை, இது எச்சரிக்கை என்று ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் குறி வைப்பதுதான் வேலை. வைத்து முடித்ததும் ஒரு கட்டளை. அந்த ஒரே கோப்பிலிருந்து அச்சுப் புத்தகம், இணையப் பக்கம், கைபேசிக்கு ஒன்று, கருவியின் திரைக்குள்ளேயே தோன்றும் குறுங்குறிப்பு என்று நான்கு வந்துவிடும்.

"ஒரே மாவுல இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம்னு சொல்லு," என்றார் கணவர், முதன்முதலில் விளக்கியபோது. "அங்க மட்டும் பண்றே. இங்க மூணு நாளா இட்லிதான்."

நான்கும் ஒன்றுபோல இருக்கத் தேவையில்லை. எந்தத் துண்டுக்கும் ஒரு நிபந்தனை எழுதலாம். இது கைபேசிக்கு மட்டும், இது அச்சுக்கு வேண்டாம் என்று. எழுதிவிட்டால் அந்த வடிவம் உருவாகும்போது அந்தத் துண்டு சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும். வடு எதுவும் தெரியாது.

தடுப்பு மருந்துகளை வைக்கும் குளிர்பெட்டி ஒன்றின் கையேட்டை, என் எட்டாவது மாதத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டியின் வெப்பநிலையை அளந்து திரையில் காட்டுவது எங்கள் மென்பொருள். முதலில் அச்சே வேண்டாம், இணையத்தில் மட்டும் போட்டால் போதும் என்றுதான் மேலே முடிவு செய்திருந்தார்கள். சென்னையில் இருக்கும் என் மேலாளரிடம் மறுத்துப் பேசியது நான். "மேடம், எங்க ஊர்ல மழை வந்தா நெட் போயிடும். சின்னத் தீவுல இருக்கிற நர்ஸ் எந்தப் பக்கத்தைத் திறந்து பாப்பாங்க? ஒரு புத்தகமாவது பெட்டியோட போகணும்," என்றேன். நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. மேடம் ஒத்துக்கொண்டார்.

அந்தக் கையேட்டில் ஓர் அட்டவணை இருந்தது. திரையில் தெரியக்கூடிய குறிகள் எல்லாம் படத்தோடு, ஐந்து நெடுவரிசைகளில். இணையப் பக்கத்தில் அழகாக வந்தது. அச்சில் பக்கத்தின் வலது ஓரத்தைத் தாண்டி, கடைசி நெடுவரிசை பாதியாக வெட்டுப்பட்டு நின்றது. அதைப் படுக்கைவாட்டில் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் அன்று மாலைக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். எனக்குக் காலையிலிருந்து இடுப்பில் வலி. மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அட்டவணைக்கு 'அச்சுக்கு வேண்டாம்' என்று நிபந்தனை எழுதினேன். திரும்பி வந்து சரிசெய்யலாம் என்று நினைத்தேன். கட்டளையைக் கொடுத்தேன். பிழைகள் பூஜ்யம் என்று வந்தது. அது பொய்யில்லை. கோப்பில் பிழை எதுவும் இல்லை.

திரும்பி வரவில்லை. மறுநாளே சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தாள்.

அட்டவணையின் கடைசி வரிசையில் ஓர் எச்சரிக்கை இருந்தது. திரையின் மேல் மூலையில் சிறு புள்ளி தெரிந்தால், காட்டும் எண் மின்சாரம் போவதற்கு முன் அளந்தது. புள்ளி மறையும்வரை பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதுவரை பெட்டி புதிதாக அளக்காது, குளிர்ச்சி தன்போக்கில் கூடிக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்.

மகளுக்கு ஒன்பதாவது மாத ஊசிக்காக எங்கள் பக்கத்துச் சுகாதார மையத்துக்குப் போயிருந்தேன். முந்தைய ஊசிகள் எல்லாம் அங்கேதான். சிஸ்டர் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதித் தமிழ், பாதி இந்தி. ஊசிக்கு முன் குழந்தைகளுக்கு முன்னால் முகத்தைக் கோணலாக்கிச் சிரிக்க வைப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

பெஞ்சில் ஐந்தாறு பெண்கள். என் முறைக்குக் காத்திருந்தபோது மேசைமேல் ஒரு நோட்டு திறந்திருந்தது. பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து எழுதும் நோட்டு. குண்டு குண்டான அழகான எழுத்து. நான்கு புள்ளி இரண்டு. நான்கு புள்ளி இரண்டு. நான்கு புள்ளி இரண்டு. அந்தப் பக்கத்தில் பதினோரு நாள், காலையும் மாலையும், அதே எண். இது ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரன்ட் போகிற ஊர்.

"என்னம்மா அப்படிப் பாக்கறீங்க?" என்றார் சிஸ்டர். "எங்க ஃப்ரிட்ஜ் ஏக்தம் பக்கா. பழசு இருந்துச்சே, டெய்லி ஒரு நம்பர் காட்டி உயிரை வாங்கும். இது வந்ததுல இருந்து டென்ஷனே நஹீ."

அப்போதுதான் மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். அதன் படத்தை நூறு தடவை கோப்பில் வைத்து எடுத்திருக்கிறேன். நேரில் கவனித்துப் பார்த்ததில்லை. நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"சிஸ்டர், அந்த மூலையில ஒரு புள்ளி இருக்கே?"

"அதுவா? எறும்பு. உள்ள பூந்து செத்துக் கிடக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சும் பாத்தாச்சு, போகல. இந்த அண்டமான்ல எதுலதான் எறும்பு இல்ல, சொல்லுங்க? ஊசி போட வந்தா நம்ம மேலயே ஏறுது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் சணல் கட்டிப் புத்தகம் தொங்கியது. எடுத்து இருபத்துமூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். 'திரையில் தெரியும் குறிகள்' என்று தலைப்பு. 'கீழுள்ள அட்டவணை இவற்றை விளக்குகிறது' என்று ஒரு வாக்கியம். கீழே ஒன்றும் இல்லை. உடனே அடுத்த தலைப்பு. அட்டவணையை எடுத்த நான், அதை அறிமுகப்படுத்தும் வாக்கியத்தை எடுக்க மறந்திருக்கிறேன்.

"அந்தப் பக்கத்துல சரியா பிரிண்ட் விழல," என்றார் சிஸ்டர். "நானும் பாத்தேன். கம்பெனிக்காரன் அவசரத்துல போட்டிருப்பான்."

"அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கிப் பிடிங்க சிஸ்டர். விடாதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போய் அழுத்தினார். எறும்பு மறைந்தது. எண் மாறியது. பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று புள்ளி ஆறு.

"அரே! யே க்யா ஹுவா? என்னாச்சு இது?"

சிஸ்டர் கதவைத் திறந்து அடியில் இருந்த கூடையை வெளியே எடுத்தார். பெஞ்சைப் பார்த்து, "ஆஜ் நஹீ ஹோகா. இன்னிக்கு ஊசி இல்ல, வியாழக்கிழமை வாங்க," என்றார். ஒரு வங்காளிப் பெண் தன் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "இரண்டு பஸ் மாறி வந்தேன்," என்று இந்தியில் முணுமுணுத்தபடி போனாள். நான் போகவில்லை.

மருந்துப் புட்டிகளின் மேல் ஒரு சின்னச் சதுரம் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் அது கறுத்துவிடும். கறுக்கவில்லை. ஆனால் உறைந்துபோனால் அந்தச் சதுரத்தில் ஒன்றும் தெரியாது. குலுக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும். சிஸ்டர் இரண்டு புட்டிகளைக் குலுக்கி மேசையில் வைத்தார். ஒன்று பால் கலந்த தண்ணீர்போல அப்படியே நின்றது. மற்றொன்றில் திரிதிரியாக ஏதோ அடியில் இறங்கியது. என் மகளுக்கு ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று முறை போட்டார்களே, அந்த மருந்துதான்.

"உறைஞ்சிருக்கு. இதை எடுத்துப் போட வேண்டியதுதான்."

"எப்ப உறைஞ்சிருக்கும்?"

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்? நோட்டுல எல்லாம் நாலு புள்ளி ரெண்டுதானே இருக்கு. முன்னாடி கண்ணாடி தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ள கிடக்கும். உடைஞ்சுது, வேற வரல. இது இருக்கேன்னு நானும் கேக்கல."

அப்போது சொன்னேன். "சிஸ்டர், அந்தப் புத்தகம் நான் எழுதினது."

அவர் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். "உங்க பேரு இல்லையே?"

"பேர் போட மாட்டாங்க."

நோட்டைப் பின்னால் புரட்டினேன். பெட்டி வந்தது மகளின் மூன்றாவது ஊசிக்கு ஒன்பது நாள் முன்பு. நான்கு புள்ளி ஒன்று, மூன்று புள்ளி ஒன்பது, இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண்கள், ஊசிக்கு முந்தைய நாள் காலையில் நான்கு புள்ளி இரண்டு. மாலையில் நான்கு புள்ளி இரண்டு. ஊசி போட்ட அன்று காலையில் நான்கு புள்ளி இரண்டு. அதற்குப் பிறகு எல்லாப் பக்கங்களிலும் அதே எண். ஊசிக்கு முந்தைய அந்த மூன்று தடவையும் ஒரே எண் வந்தது இயல்பா, பெட்டி அப்போதே அளப்பதை நிறுத்தியதன் அடையாளமா? எத்தனையோ நாள் அதைப் பற்றி யோசித்திருக்கிறேன். இரண்டாகவும் இருக்கலாம். அன்று புள்ளி இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. புள்ளியைக் குறித்துவைக்க நோட்டில் இடமில்லை.

அப்போதிலிருந்து அந்த மருந்து போட்டுக்கொண்ட குழந்தைகள் நாற்பதுக்கும் மேல். யாருக்குப் பலித்தது, யாருக்கு வெறும் தண்ணீர் ஏறியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. காலிப் புட்டிகள் எப்போதோ போய்விட்டன.

"திரும்பப் போட முடியாதா சிஸ்டர்? எல்லாருக்கும்?"

"போடலாம்மா. ஒண்ணு அதிகமாப் போட்டா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லுவாங்க. ஆனா நானா கூப்பிட்டுப் போட முடியுமா? மேல கேப்பாங்க. இந்தப் புட்டி சேதம்னு நான் எழுதி அனுப்புவேன், அது என் வேலை. அஞ்சாறு மாசமா பெட்டி தப்பா காட்டியிருக்குன்னு சொல்லணும்னா கம்பெனி எழுத்துல குடுக்கணும். ஒரு பக்கம் போதும். மோஹர், முத்திரை போட்டு. நீங்கதானே அங்க எழுதுறவங்க? வாங்கிட்டு வாங்க."

ஒரு பக்கம். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை.

மேடத்திடம் பேசினேன். என் தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அப்படித் தொடங்கியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. நிறுவனத்தின் தவறு என்று தொடங்கியிருந்தால் பயந்தாவது இருப்பார்கள்.

"வெப்ல இருக்குல்ல?" என்றார். "அப்போ நாம சொல்லாம விடல. பிரிண்ட்லயும் லாஸ்ட் பேஜ்ல, முழு விவரத்துக்கு இணையப் பக்கம் பாருங்கன்னு போட்டிருக்கோம்."

"அந்தப் பக்கத்தை இங்க யாரும் திறக்கல மேடம். அதுக்காகத்தானே புத்தகம் கேட்டேன்."

"சரிம்மா, ஃபிக்ஸ் பண்ணு. அடுத்த வெர்ஷன்ல போகட்டும்."

"அது புதுப் பெட்டியோடதானே போகும்? ஏற்கெனவே கொடுத்த பெட்டிங்களுக்கு ஒரு லெட்டர்..."

மேடம் குறுக்கிட்டார். "நீ இப்போ எங்க ரைட்டரா பேசுறியா, அம்மாவா பேசுறியா?"

மகள் அப்போது மடிக்கணினியின் ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதை விடுவிப்பதுபோல நேரம் கடத்தினேன்.

"லீகல்கிட்ட கேக்குறேன்," என்றார் கடைசியில். கேட்டிருப்பார். கடிதம் வரவில்லை. ஒவ்வொரு புதிய பதிப்போடும் என்னென்ன மாறியது என்று ஒரு குறிப்புப் போகும். அதில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார்கள். அந்தக் குறிப்பையும் எழுதுகிறவள் நான்தான்.

நிபந்தனையை நீக்கினேன். அட்டவணையைப் படுக்கைவாட்டில் திருப்பினேன். உண்மையிலேயே பத்து நிமிடம்தான் ஆனது. மாற்றக் குறிப்பில் எழுதினேன்: முந்தைய அச்சுப் பதிப்பில் ஓர் எச்சரிக்கை விடுபட்டுள்ளது, மின்தடைக்குப் பின் திரை பழைய வெப்பநிலையைக் காட்டக்கூடும், அந்தக் காலத்தில் பயன்படுத்திய மருந்துகளை மறுபரிசீலனை செய்யவும். மூன்று தடவை திருத்தி, நான்காவது தடவை முதலில் எழுதியதையே வைத்து அனுப்பினேன்.

மேலே சரிபார்த்துத் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் 'ஆவணத்தில் சிறு மேம்பாடுகள்' என்று இருந்தது.

அதைக் கோப்பில் நான்தான் ஏற்ற வேண்டும். அன்று நெட் மெதுவாக இருந்தது. வேலை நின்றுபோகட்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். நிற்கவில்லை. இரு பக்கமும் குறி வைத்தேன். கட்டளை கொடுத்தேன். 'சிறு மேம்பாடுகள்' நான்கு வடிவங்களிலும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் வந்தது. பிழைகள் பூஜ்யம்.

வேலையை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அடுத்த கையேட்டை எழுத இன்னொருத்தி வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமா சாக்கா என்று தெரியவில்லை.

புதிய பதிப்பின் இருபத்துமூன்றாம் பக்கத்தை மட்டும் அபர்டீன் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சிஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மோஹர் இல்லையே?"

"கொடுக்க மாட்டேங்கறாங்க சிஸ்டர்."

"கம்பெனி பேராவது?"

ஒற்றைப் பக்கமாக எடுத்ததில் நிறுவனத்தின் பெயர் விழவில்லை. அது புத்தகத்தின் மேலட்டையில் மட்டும்தான் வரும். அப்படி அமைத்ததும் நானே.

"சலோ," என்றார். "எனக்குப் புரியுது, அது போதும்." நான்கு மூலையிலும் டேப் போட்டுப் பெட்டிக் கதவில் ஒட்டினார். குழந்தைகளைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவரிடம் கேட்க நான் யார்?

அன்று மாலை கணவரிடம் பாதி சொன்னேன். பெட்டி தப்பாகக் காட்டியிருக்கிறது, மூன்றாவது ஊசி பலித்ததா என்று சந்தேகமாக இருக்கிறது என்று. யாரால் என்பதைச் சொல்லவில்லை.

"இதுக்கா இத்தனை நாளா சோறு இறங்காம இருக்கே?" என்றார். "பிரைவேட்ல ஒரு ஊசி போட்டுட்டா முடிஞ்சுது."

"மத்த பிள்ளைங்க?"

"அதைக் கவர்மென்ட் பாத்துக்கும்."

"நீங்களே கவர்மென்ட்ல தானே இருக்கீங்க. பாத்துக்குமா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நம்ம பிள்ளைக்கு முதல்ல போட்டுருவோம்," என்றார்.

தனியார் மருத்துவர் காரணம் கேட்டார். சுகாதார மையத்தில் மருந்தின் தரத்தில் சந்தேகம் என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே சிஸ்டரைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. டாக்டர் வேறு கேட்கவில்லை. ஊசியைப் போட்டு அட்டையில் நான்காவது வரியை எழுதினார். மகள் அழுதாள். நான் அவள் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குள் பெரிய நிம்மதி வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை இருந்தது.

பதினாறாவது மாத ஊசிக்கு மறுபடியும் அதே மையத்துக்குத்தான் போனேன். வேறிடத்துக்குப் போயிருக்கலாம். தண்டனைபோல இருக்கட்டும் என்று போனேனா, பழக்கத்தில் போனேனா, தெரியவில்லை. முதலில் பெட்டியைப் பார்த்தேன். மூன்று புள்ளி எட்டு. புள்ளி இல்லை. கதவில் நான் கொடுத்த பக்கமும் இல்லை. டேப் இருந்த இடத்தில் நான்கு பழுப்புத் தடங்கள்.

"இன்ஸ்பெக்ஷன்ல வந்தவங்க எடுக்கச் சொல்லிட்டாங்க," என்றார் சிஸ்டர். "மோஹர் இல்லாத காகிதம் எதையும் ஒட்டக் கூடாதாம். பரவால்ல, நான் டெய்லி பொத்தானை அமுக்கறேன்." பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த மாசம் எனக்கு ஹேவ்லாக் தீவுக்கு ட்ரான்ஸ்ஃபர். வர்ற பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போறேன். அவ எத்தனை நாள் ஞாபகம் வச்சிருப்பாளோ."

புத்தகம் அதே ஆணியில், அதே சணலில் தொங்கியது. பழைய பதிப்பு.

சிஸ்டர் மகளின் அட்டையை வாங்கித் திறந்தார். விரல் முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கி, நான்காவதில் நின்றது. தேதியைப் பார்த்தார். டாக்டரின் முத்திரையைப் பார்த்தார். அதில் முத்திரை இருந்தது.

"உங்க பாப்பாவுக்கு மட்டும் போட்டுட்டீங்க."

"ஆமா சிஸ்டர்."

"அச்சா கியா," என்றார். நல்லது செய்தீர்கள் என்று அர்த்தம். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று தேடினேன். இல்லை. மகளுக்கு முன்னால் முகத்தைக் கோணலாக்கினார். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசியை ஏற்றினார்.

எழுந்தபோது அடுத்து வந்து உட்கார்ந்தது அன்று பஸ் மாறி வந்த வங்காளிப் பெண். அவள் குழந்தைக்கும் ஏறக்குறைய என் மகளின் வயதுதான். அட்டையை விரித்து மேசைமேல் வைத்தாள். அந்த ஊசிக்கு மூன்று வரிகள். மூன்றும் சிஸ்டரின் குண்டு எழுத்தில்.

என்னைப் பார்த்துச் சிரித்து, உங்கள் மகள் ஊசிக்கு அழவே இல்லையே என்று இந்தியில் சொன்னாள். பழகிவிட்டது என்றேன்.